நாலரை வினாடி உயரம்: பால்டிமோரின் ரவைக் கோபுரம்

கேள்வி இது: "பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு மெட்ரோவில் போனால், அதற்கு முந்தைய ஸ்டேஷனின் பெயர் ஷாட் டவர். வெளியே வந்து பார்த்தால் செங்கல் சூளைப் புகைபோக்கி மாதிரி ஒன்று தனியாக நிற்கிறது. துப்பாக்கிக் குண்டு செய்த இடம் என்கிறார்கள். குண்டு செய்ய எதற்கு இவ்வளவு உயரம்? உள்ளே என்னதான் நடந்தது? அதை ஏன் இன்னும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள்?"

பவுண்டரியில், அதாவது உலோக வார்ப்புப் பட்டறையில், கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன் என்பதால் உருக்கிய உலோகம் என்ற பேச்சு எழுந்தாலே எனக்கு வாய் சும்மா இருக்காது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் 'குண்டு' என்ற சொல்லைச் சரிசெய்துகொள்வோம். அங்கே முக்கியமாகச் செய்தது ரவை. உப்புமாவுக்குப் போடுகிற ரவைக்கும் துப்பாக்கியில் போடுகிற ரவைக்கும் தமிழில் ஒரே பெயர்தான். இரண்டும் பொடிப் பொடியாக இருப்பதால் வந்த பெயராக இருக்கும். வேட்டைத் துப்பாக்கியில் ஒரே ஒரு பெரிய குண்டு போகாது. கடுகு அளவிலிருந்து சுண்டைக்காய்க்குக் கொஞ்சம் குறைந்த அளவு வரை உள்ள ஈய மணிகள் கைப்பிடி அளவு சேர்ந்து போய், விரிந்து பரவும். பறக்கிற வாத்தை ஒற்றைக் குண்டால் அடிப்பது குதிரைக்கொம்பு, ரவையால் அடிக்கலாம். பால்டிமோரை ஒட்டிய செசபீக் விரிகுடா வாத்து வேட்டைக்குப் பேர்போன இடம். அதனால் சரக்குக்கு வாசலிலேயே கிராக்கி இருந்தது. பீரங்கிக் குண்டு இரும்பு வார்ப்பு. அதற்கும் இந்தக் கோபுரத்துக்கும் சம்பந்தமே இல்லை. சிப்பாய்களின் மஸ்கெட் துப்பாக்கிக்கான பெரிய ஈயக் குண்டுகளைப் பெரும்பாலும் அச்சில்தான் வார்த்தார்கள்.

ரவையையும் அச்சில் வார்க்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். வார்ப்பு வேலை பார்த்தவர்களுக்கு இதில் இருக்கும் தலைவலி தெரியும். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் ஒரு வரி விழும். உலோகம் ஊற்றிய வாயில் ஒரு காம்பு நிற்கும். அதை வெட்டி, அந்த வரியைத் தேய்க்க வேண்டும். பெரிய குண்டு ஒன்றுக்கு இதைச் செய்யலாம். இரண்டு மில்லிமீட்டர் மணி ஒவ்வொன்றுக்கும் செய்வதென்றால்? ரவையை விற்ற 25 பவுண்டு (சுமார் 11 கிலோ) மூட்டையில் அந்த அளவு மணிகள் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் இருக்கும். அச்சில் வார்த்துக் கட்டுப்படி ஆகாது.

அதனால் பழைய காலத்தில் குறுக்கு வழிகள் பார்த்தார்கள். ஈயத் தகட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, பீப்பாயில் போட்டு உருட்டி மூலைகளை மழுக்குவது ஒன்று. உருக்கிய ஈயத்தைக் கண்ணுள்ள சட்டி வழியாகக் கொஞ்ச உயரத்திலிருந்து தண்ணீரில் சொட்டவிடுவது இன்னொன்று. இந்த இரண்டாவது முறை இங்கிலாந்து அரச குடும்பத்து இளவரசர் ரூபர்ட்டின் பெயரால் வழங்கியது. 1665-லேயே ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் அதை விவரித்திருக்கிறார். அந்த ஈயத்தில் சேர்த்த சரக்கு என்ன தெரியுமா? அரிதாரம். கூத்துக்காரர்கள் முகத்தில் பூசியதாகச் சொல்வோமே, அதே மஞ்சள் கல். அதில் இருப்பது ஆர்சனிக். ஏன் சேர்த்தார்கள் என்று பிறகு சொல்கிறேன். இந்த முறையில் வந்த ரவைக்கு ஒரு பக்கம் குழி விழுந்திருக்கும்; நேராகப் பறக்காது.

இனி உயரத்துக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள வீட்டு அடுக்களை போதும்.

பூந்தி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கடலை மாவைக் கரைத்துக் கண்கரண்டியில் ஊற்றி, எண்ணெய்ச் சட்டிக்கு மேலே பிடித்துத் தட்டினால் மணி மணியாக விழும். மாவு பதமாக இருந்தால் முத்து முத்தாக வரும். பதம் தப்பினால் வால் முளைக்கும், தட்டையாகும். அந்த மணி உருண்டையாவது கரண்டியின் ஓட்டையால் அல்ல, விழுகிற நேரத்தில்தான். ஓட்டையிலிருந்து பிரியும்போது எல்லாச் சொட்டுக்கும் வால் இருக்கும். பிரிந்த பிறகு, எதுவும் தாங்காமல் அந்தரத்தில் போகும்போது, சொட்டின் மேல்தோல் தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு வாலை உள்ளே இழுத்துக்கொள்ளும். பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படித்தது இதுதான். இருக்கிற கனத்துக்கு மிகக் குறைந்த மேல்பரப்பு உருண்டைக்குத்தான். அதனால் சொட்டு தானாக அங்கே போய்ச் சேரும்.

பூந்தி எண்ணெயில் விழுந்த பிறகுதான் வேகிறது. ஈயத்துக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. உருகிய நிலையில் தண்ணீரைத் தொட்டால் மோதிய வேகத்தில் சப்பையாகிவிடும். தண்ணீரைத் தொடும் முன்பே, காற்றிலேயே, அதன் ஓடு கெட்டிப்பட்டிருக்க வேண்டும். ஈயம் உருகுவது 327 டிகிரியில். சொட்டு உருண்டையாக ஒரு கணம் போதும்; கெட்டியாகத்தான் நேரம் வேண்டும். விழுகிற பொருளுக்கு நேரம் வாங்கித் தர வேண்டுமென்றால் உயரத்தைத்தான் கொடுக்க முடியும். கோபுரத்தின் முழு ரகசியமும் இவ்வளவுதான். 70 மீட்டர் உயரத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஈய மணி விழுந்தால், காற்றின் தடையையும் சேர்த்து என் கணக்கில் சுமார் நாலரை வினாடி ஆகும். அந்த நாலரை வினாடியை விலைக்கு வாங்கத்தான் அத்தனை செங்கல்லும்.

பெரிய ரவைக்கு இன்னும் உயரம் வேண்டும். மணியின் குறுக்களவு இரண்டு மடங்கானால் உள்ளே இருக்கும் ஈயம் எட்டு மடங்கு. சூடு வெளியேறும் மேல்தோலோ நாலு மடங்குதான். அதனால் சின்ன ரவையைத் தாழ்ந்த தளத்திலிருந்தும் பெரிய ரவையை உச்சியிலிருந்தும் ஊற்றுவது இந்தத் தொழிலில் வழக்கம். இதே காரணத்தால்தான் கோலிக்குண்டை நெருங்கும் மஸ்கெட் குண்டைச் சொட்டவிட்டுச் செய்ய முடியாது. அதற்கு வேண்டிய உயரத்தை யாராலும் கட்ட முடியாது.

இந்த யோசனை வந்தது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், வில்லியம் வாட்ஸ் என்ற பிளம்பருக்கு. பிளம்பர் என்ற சொல்லே ஈயத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் குழாய், கூரைத் தகடு எல்லாமே ஈயம் என்பதால் பிளம்பர் என்றால் ஈய வேலைக்காரர். கனவில் உருகிய ஈயம் மழையாகப் பெய்ததைக் கண்டார், இல்லை கனவு கண்டது அவர் மனைவி என்றெல்லாம் கதை உண்டு. கதையை விடுங்கள். 1782-ல் காப்புரிமை வாங்கினார் என்பது பதிவில் இருக்கிறது. கனவைவிட எனக்குப் பிடித்தது அவர் செய்த காரியம்: சொந்த வீட்டின் மேலே கோபுரத்தை எழுப்பி, தளங்களில் ஓட்டை போட்டு, கீழே பாறைக் குகை வரை பள்ளம் தோண்டி, மேலிருந்து ஈயம் ஊற்றினார். வீட்டில் மற்றவர்கள் என்ன சொன்னார்களோ! அப்புறம் உரிமையை விற்றுக் கையில் காசு வந்ததும் வீடு கட்டும் தொழிலில் இறங்கினார். கிளிஃப்டன் மலைச்சரிவில் தாங்குசுவர் கட்டியே பணம் கரைந்து, திவாலானார்.

அமெரிக்காவுக்கு இது 1800-களின் தொடக்கத்தில் வந்தது. வர்ஜீனியாவில் நியூ நதிக்கரையில் தாமஸ் ஜாக்சன் 1807-ல் முடித்த கல் கோபுரம் இன்னும் இருக்கிறது. அவர் சாமர்த்தியக்காரர்: மேட்டின் விளிம்பில் 75 அடிக் கோபுரம், அதற்கு நேர் கீழே பூமிக்குள் 75 அடிக் கிணறு. பாதிக் கோபுரத்தில் 150 அடி வீழ்ச்சி. அடுத்த வருடம், 1808-ல், பிலடெல்பியாவில் ஸ்பார்க்ஸ் கோபுரம் வந்தது. அதைக் கட்டிய கூட்டாளிகளில் ஜான் பிஷப், போரையே ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். வேட்டை ரவை செய்வதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. 1812-ல் பிரிட்டனோடு போர் மூண்டு, ரவை மனிதர்கள் மேல் பாயப் போகிறது என்றதும் தன் பங்கைத் தாமஸ் ஸ்பார்க்ஸிடம் விற்றுவிட்டு விலகிக்கொண்டார். லாபம் கொட்டப்போகிற நேரத்தில் விலகியவர் என்பதால் அவர் பெயர் எனக்கு மறப்பதில்லை.

பால்டிமோரின் கோபுரம் 1828-ல் எழுந்தது. ஃபீனிக்ஸ் கம்பெனியின் கோபுரம் என்பதால் ஃபீனிக்ஸ் ஷாட் டவர் என்பது முறையான பெயர். உயரம் 234 அடி 3 அங்குலம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைப் பக்கத்தில் நிறுத்தினால் தலை கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். 1846-ல் நியூயார்க்கில் டிரினிட்டி தேவாலயத்தின் கூம்பு எழும்பும் வரை அமெரிக்காவிலேயே மிக உயரமான கட்டடம் இதுதான் என்று சொல்வார்கள். நாட்டிலேயே உயரமான கட்டடம் ஒரு ரவைப் பட்டறை!

அடிக்கல் நாட்டியவர் காரல்டனின் சார்லஸ் காரல். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அப்போது உயிரோடு மிஞ்சியிருந்த ஒரே ஆள், வயது தொண்ணூறு. அதே வருடம் ஜூலை 4-ல் பால்டிமோர்–ஒஹையோ ரயில்பாதைக்கும் முதல் கல் வைத்தது அவர்தான். கடைசிக் காலத்தில் குளிர்நாள்களை அவர் கழித்த மகள் வீட்டுக்குக் காரல் மாளிகை என்று பெயர். அது கோபுரத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

கட்டியவர் ஜேக்கப் வுல்ஃப். சுமார் 11 லட்சம் செங்கல். வெளியே சாரம் கட்டவில்லை. உள்ளிருந்தே மேஸ்திரிகள் சுவரை எழுப்பிக்கொண்டு போனார்கள். அடித்தளம் 17 அடி ஆழம். சுவரின் கனம் கீழே நாலரை அடி. சுமார் 50 அடி உயரம் வரை அப்படியே போய், பிறகு நாலு நாலு அங்குலமாகக் குறைந்து, உச்சியில் 21 அங்குலத்தில் நிற்கிறது. கிட்டே போய் அண்ணாந்து பார்த்தால் சுவர் உள்நோக்கிச் சாய்ந்துகொண்டே போவது தெரியும். அடியில் குறுக்களவு 40 அடி, மேலே 20. இத்தனை கனமான சுவர் எதற்கு என்றால், உயரத்தின் பாரம் ஒரு காரணம்; இன்னொன்று காற்று. திறந்த வெளியில் சொட்டவிட்டால் பக்கக் காற்று சொட்டுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு ஒட்டிக்கொள்ளச் செய்யும். உள்ளே காற்று அசையாமல் இருக்க வேண்டும். வெறும் சாரத்தின் உச்சியிலிருந்து ஊற்றாமல் மூடிய குழாய் மாதிரிக் கட்டியது இதற்காகத்தான்.

சரி, உள்ளே என்ன நடந்தது? கட்டி ஈயத்தை உச்சிக்கு ஏற்றி, அங்கேயே அடுப்பில் உருக்குவார்கள். அதில் ஆர்சனிக் கொஞ்சமாக, நூற்றுக்கு ஒன்று அதற்கு முன்பின்னாகச் சேர்ப்பார்கள். தூய ஈயம் காற்றுப் பட்டதும் மேலே தோல் போர்த்திக்கொள்ளும். அந்தத் தோல் இறுகினால் வால் உள்ளே போக முடியாமல் அப்படியே நின்றுவிடும். ஆர்சனிக் சேர்ந்த ஈயம் நன்றாக உருளும். மாவுப் பதம் என்று மேலே சொன்னேனே, ஈயத்துக்குப் பதம் இதுதான். அரிதாரம் போட்ட பழைய ஆட்களுக்கு வேதியியல் தெரியாது, கைப்பக்குவம் தெரிந்திருந்தது.

அடுத்து கண்சட்டி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சுத்தமான சட்டியில் ஈயத்தை ஊற்றினால் ஓட்டை வழியாக ஒழுக்காகக் கொட்டும். அதனால் உருக்கிய ஈயத்தின் மேல் மிதக்கும் கசடை வழித்து, சட்டியின் அடியில் மெத்தை மாதிரிப் பரப்புவார்கள். அதன்மேல் ஊற்றிய ஈயம் கசடின் இடுக்குகளில் கசிந்து, ஓட்டைகளில் ஒவ்வொரு சொட்டாகத் திரளும். மற்ற எல்லாப் பட்டறையிலும் எடுத்துக் கொட்டுகிற கசடை இங்கே கருவியாகவே வைத்திருந்தார்கள். எங்கள் ஷாப்பில் கசடோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கீழே தண்ணீர்த் தொட்டி. மணிக்கு 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து விழும் மணிகளை நசுங்காமல் தாங்குவதும் மிச்சச் சூட்டை எடுப்பதும் அதன் வேலை. தண்ணீர்தான் ரவையை உருண்டையாக்குகிறது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள்; அது தவறு. தொட்டிக்கு வரும்போது உருண்டை வேலை முடிந்திருக்கும்.

எடுத்து உலர்த்திய பிறகு தரம் பிரிப்பார்கள். மிளகைத் தாம்பாளத்தில் போட்டுச் சாய்த்தால் உருண்டை ஓடிவிடும், சப்பையும் காம்பும் தங்கிவிடும் இல்லையா? அதே வித்தைதான். சரிவான பலகையில் ரவையை உருட்டிவிட்டு, நடுவில் ஒரு இடைவெளி விடுவார்கள். நல்ல உருண்டை வேகம் பிடித்து இடைவெளியைத் தாண்டும். கோணல் தயங்கித் தயங்கி வந்து உள்ளே விழும். விழுந்தது மறுபடி உருக்குச் சட்டிக்கே போகும், ஒன்றும் வீணில்லை. தேறியதை கிராஃபைட் தூளோடு பீப்பாயில் உருட்டி மெருகேற்றி, சல்லடையில் அளவு பிரித்து, 25 பவுண்டு மூட்டையாகக் கட்டுவார்கள். வருடத்துக்கு இப்படி ஒரு லட்சம் மூட்டை. அதாவது 1,100 டன்னுக்கு மேல். உச்சியில் ஈயப் புகையும் ஆர்சனிக் புகையும் சூழ நின்று ஊற்றியவர்கள் எதைச் சுவாசித்திருப்பார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். முகமூடி, உறிஞ்சு விசிறி என்று எதுவும் இல்லாத காலம்.

இந்தத் தொழிலுக்கு எமனாக வந்தது காற்றுதான். 1840-களின் கடைசியில் நியூயார்க்கில் ஒரு யோசனை பிறந்தது: கோபுரத்தை உயர்த்துவதற்குப் பதில், கீழிருந்து மேலே காற்றை ஊதினால் என்ன? விழுகிற சொட்டு எதிர்க்காற்றில் சீக்கிரம் ஆறும், கொஞ்ச உயரமே போதும். அதற்குமேல் 70 மீட்டர் கோபுரம் வைத்திருப்பது வீண் செலவு. பால்டிமோரில் 1892-ல் உற்பத்தி நின்றது. நூற்றாண்டு திரும்பும் சமயம் கொஞ்ச நாள் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை.

1921-ல் ஓர் எண்ணெய் கம்பெனி இடத்தை வாங்கியது. கோபுரத்தைத் தட்டிவிட்டு பெட்ரோல் பங்க் போடுவது திட்டம். ஊர்க்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். எதிர்ப்பு வலுத்து, பணம் திரட்டி, 17,000 டாலருக்குக் கோபுரத்தை மீட்டு நகரத்தின் சொத்தாக்கினார்கள். ஏன் இடிக்கவில்லை என்ற உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: அரசாங்கம் தானாகப் பாதுகாக்கவில்லை, ஊர் சண்டை போட்டது. தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற அந்தஸ்து 1971-ல்தான் வந்தது. கட்டடமாகப் பார்த்தால் வேறு எதற்கும் உதவாத வடிவம். குடோனாகவும் ஆகாது, குடியிருக்கவும் ஆகாது. பிரிஸ்டலில் வாட்ஸின் மூலக் கோபுரத்துக்கு இந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. 1968 வரை வேலை செய்துகொண்டிருந்த அதைச் சாலையை அகலப்படுத்த இடித்தார்கள். உலகத்தின் முதல் ரவைக் கோபுரம் இருந்த இடத்தில் இன்று கார் ஓடுகிறது.

இதே ரகத்தில் வேறு எங்கே பார்க்கலாம் என்றால், இங்கிலாந்தின் செஸ்டரில் 1799-ல் கட்டியது ஒன்று இருக்கிறது. 2001 வரை அது வேலை செய்தது என்றால் நம்புவீர்களா? மெல்போர்ன் போகிறவர்கள் மெல்போர்ன் சென்ட்ரல் மாலில் நடுக்கூடத்தைப் பாருங்கள். 1890 வாக்கில் கட்டிய 50 மீட்டர் கோபுரத்தை இடிக்காமல், அதற்குமேல் கண்ணாடிக் கூம்பைக் கவிழ்த்து, சுற்றிக் கடைகளைக் கட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் ஆட்கள் பலர் அதன் அடியில் நின்று போட்டோ எடுத்திருப்பார்கள், அது என்னவென்று தெரியாமலே.

இப்போது ரவை எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கூடாது என்று 1991-லிருந்து நாடு முழுக்கத் தடை. குளத்தின் அடியில் கிடக்கும் ரவையை வாத்துகள் தின்று ஈய விஷத்தில் செத்தன. அதற்கு இப்போது பெரும்பாலும் எஃகு ரவை. மற்ற வேட்டைக்கும் சுடும் விளையாட்டுக்கும் ஈயம் இன்னும் ஓடுகிறது. அதைச் செய்ய 1961-ல் லூயி பிளைமைஸ்டர் என்ற லாஸ் ஏஞ்சலஸ்காரர் காப்புரிமை வாங்கிய முறை ஒன்று உண்டு: சின்ன ஓட்டைகளிலிருந்து ஈயத்தைச் சூடான நீர்மத்தில் சொட்டவிட்டு, சரிவில் உருட்டி, மெல்ல ஆறவிடுவது. சொட்டு காற்றில் விழும் தூரம் சுமார் ஒரு அங்குலம்.